எறியத் தெரியாத பிள்ளைகளும் ஏங்கத் தெரிந்த நாமும்

நம் பள்ளிகளில் குறி பார்த்து எறிவதில் உண்மையான தேர்ச்சி பெற்றவர்கள் ஆசிரியர்கள்தாம். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று திரும்பி, நாலாவது பெஞ்சில் பேசிக்கொண்டிருப்பவனின் நெற்றியைச் சாக்பீஸ் துண்டால் அடிக்கத் தெரிந்த கணக்கு வாத்தியார் ஒருவராவது இதை வாசிக்கும் ஒவ்வொருவரின் நினைவிலும் இருப்பார். சிலருக்கு டஸ்டரும் கைவரும். பிள்ளைகளுக்கு இந்த வித்தையை யாரும் கற்றுத்தருவதில்லை. இந்த ஆட்டத்தில் அவர்களுக்கு வாய்த்தது குறியின் இடம் மட்டுமே. வேடிக்கையாகத் தொடங்கிவிட்டேன், எழுத வந்த விஷயம் வேடிக்கையானதல்ல.

சில மாதங்களுக்கு முன் ராஜபாளையத்தில் நண்பர்கள் கூடிய ஓர் இலக்கியச் சந்திப்பில், தொலைந்துபோன தெரு விளையாட்டுகளைப் பற்றி ஒருவர் கட்டுரை வாசித்தார். கோலி, பம்பரம், கிட்டிப்புள், ஓட்டுச் சில்லுகளை அடுக்கிவைத்துப் பந்தால் அடிக்கும் ஏழு கல் என்று ஒவ்வொன்றாக வந்தது. நல்ல கட்டுரை. முடிந்தபோது பலருக்குக் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். தன் பம்பரத்தில் விழுந்த ஆக்கரைப் பற்றி ஒருவர் சொன்னார். ஆற்றங்கரை மாந்தோப்பில் கல்லெறிந்து காவல்காரரிடம் அகப்பட்ட கதையை இன்னொருவர் சொன்னார். தேநீர் வந்தது. கலைந்தோம். அந்த அறையில் இருந்தவர்களில் ஐந்தாறு பேர் பள்ளி ஆசிரியர்கள், இருவர் தலைமையாசிரியர்கள், மற்றவர்கள் அநேகமாகப் பெற்றோர்கள். நாளைக் காலை என் பள்ளியில் ஒரு பிள்ளையின் கையில் பந்தைக் கொடுத்து எறியச் சொல்லப் போகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்கடுத்த வாரம் என் அக்கா மகளை அழைத்துவர ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக வேண்டியிருந்தது. ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். எந்தப் பள்ளி என்பது இங்கே முக்கியமல்ல. கடைசிப் பாடவேளை விளையாட்டு. மைதானம் இருந்தது, நல்ல பெரிய மைதானம். அதன் நடுவில் பதினைந்து பையன்கள் ஒரு பந்தோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். குறுவட்டப் போட்டிக்கான அணி. மற்றவர்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெண் பிள்ளைகளில் ஒருத்திகூட நின்றுகொண்டிருக்கவில்லை. கோட்டைத் தாண்டி உருண்டு வந்த பந்தை என் அக்கா மகள் எடுத்துத் திருப்பி எறிந்தாள். நேராகப் போயிருக்க வேண்டிய பந்து நாலடி தள்ளிப் பக்கவாட்டில் விழுந்தது. பையன்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அவள் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தன் கை தன் சொல்லைக் கேட்காது என்பதைப் பன்னிரண்டு வயதிலேயே ஓர் இயற்கை விதியாக ஏற்றுக்கொண்டுவிட்ட சிரிப்பு அது.

திரும்பும் வழியில், "பந்து எறிய யாரும் சொல்லித் தரலையாம்மா?" என்று கேட்டேன்.

"அதைப் போய் எதுக்கு மாமா சொல்லித் தரணும்? வர்றவங்களுக்கு வரும்" என்றாள்.

வாய்ப்பாட்டைப் பற்றி நாம் யாரும் இப்படிச் சொல்வதில்லை. ஏழாம் வாய்ப்பாடு வருகிறவர்களுக்கு வரும், மற்றவர்கள் வேப்பமரத்தடியில் உட்காரட்டும் என்று ஒரு பள்ளி அறிவித்தால் ஊரே திரண்டுவிடும். உடலைப் பற்றி மட்டும் இந்த ஊழ்வினைக் கோட்பாட்டை நாம் கேள்வியின்றி வைத்திருக்கிறோம். எறிதல் என்பது கற்பிக்கப்பட வேண்டிய ஒன்று, அதிலும் குறி பார்த்து எறிதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய கல்வி, அதைப் பள்ளிகள் பறித்துக்கொண்டிருக்கின்றன, நாமோ அந்தப் பறிப்பைப் பற்றி அழகான கட்டுரைகள் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பதே என் வாதம்.

*

முதலில் எறிதலைப் பற்றி. வலது கையால் எறிகிற பிள்ளை இடது காலை முன்வைக்க வேண்டும். இடுப்பு முதலில் திரும்ப வேண்டும். அதைத் தொடர்ந்து மார்பு, தோள், முழங்கை, கடைசியாக மணிக்கட்டு. இந்த வரிசை கைவராத பிள்ளை குறிக்கு நேராக மார்பைக் காட்டி நின்று முழங்கையை மட்டும் மடக்கி நீட்டுகிறது. பந்து நாலடியில் விழுகிறது. மனிதத் தோள் வில்லின் நாணைப் போல ஆற்றலைச் சேமித்து வெளியிடுகிறது என்றும், இந்த அமைப்பு ஏறக்குறைய இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதையரிடம் முழுமை பெற்றது என்றும் 2013இல் 'நேச்சர்' ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை ஒன்று சொன்னது. நம் நெருங்கிய உறவினரான சிம்பன்சி நம்மைவிட வலிமை கொண்டது. ஆனால் வேகமாகவும் குறி தவறாமலும் எறிய அதனால் முடியாது. மனித உடலுக்கே உரிய திறன்களில் ஒன்றை விருப்பப் பாடமாக்கி, அதையும் பதினைந்து பேருக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டோம்.

அடுத்து, குறி. உடற்கல்விக் கூடங்களில் எறிதலே இல்லை என்று சொல்லிவிட முடியாது. குண்டு எறிதல், வட்டு எறிதல், ஈட்டி எறிதல் எல்லாம் இருக்கின்றன. 2021இல் நீரஜ் சோப்ரா டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வென்ற பிறகு ஈட்டியின் மீது ஓர் ஆர்வமும் பிறந்திருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் இந்த மூன்றிலும் அளக்கப்படுவது தூரம். தூரம் பெரும்பாலும் உடற்கட்டுக்குரியது. எட்டாம் வகுப்பில் மீசை அரும்பியவனே வெல்வான். பத்தடி தள்ளி வைத்த சிரட்டையை அடிக்கும் ஆட்டத்தில் நோஞ்சான் பிள்ளையும் மீசைக்காரனும் சமம். அங்கே வெல்வது கண்ணும் கணிப்பும் பொறுமையும்.

இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் டேவிட் பங்கரும் ராட் தார்ப்பும் 1982இல் உடற்கல்விக்கு ஒரு புதிய அணுகுமுறையை முன்வைத்தார்கள். அந்தப் பள்ளியினர் விளையாட்டுகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள்: குறி ஆட்டங்கள், அடித்து ஓடும் ஆட்டங்கள், வலை அல்லது சுவர் ஆட்டங்கள், எதிரியின் எல்லைக்குள் புகும் ஆட்டங்கள். நான்கில் எளியது குறி ஆட்டமே. பிள்ளை யோசிக்க வேண்டியது தன்னையும் குறியையும் மட்டும்தான். குறுக்கே ஓடி வந்து பந்தைப் பறிக்கிறவர் யாருமில்லை. அதனால் விளையாட்டுக் கல்வி அங்கிருந்து தொடங்குவது நல்லது. நாமோ கடைசி வகையில் தொடங்குகிறோம். ஒரு கால்பந்தை நடுவில் போட்டு விசில் ஊதிவிட்டால் வகுப்பு நடந்ததாகக் கணக்கு.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. நம் பிள்ளை காலை முதல் மாலை வரை செய்யும் ஒவ்வொரு காரியத்திலும் சரி எது, தவறு எது என்று சொல்ல இன்னொருவர் தேவைப்படுகிறார். விடைத்தாளில் சிவப்பு மை விழும்வரை தான் செய்தது சரியா என்று அதற்குத் தெரியாது. குறி பார்த்து எறிகிறபோது மட்டும் அது தவறைத் தானே பார்க்கிறது, உடனே பார்க்கிறது, இடப்பக்கம் ஒரு சாண் விலகியது என்று அளவோடு பார்க்கிறது. மறுமுறை தானே திருத்துகிறது. அந்தத் தவறில் அவமானம் இல்லை, மதிப்பெண் குறைப்பு இல்லை, பெற்றோரை அழைத்து வா என்ற கட்டளை இல்லை. பள்ளி வளாகத்தில் பிள்ளை தனக்குத்தானே ஆசிரியராக இருக்கக்கூடிய வெகு சில நிமிடங்கள் இவை. பள்ளிச் சுவர்களில் எல்லாம் 'குறிக்கோள்' பற்றிய பொன்மொழிகளை எழுதி வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் குறியைக் கொள்ளுதல் என்றுதான் பொருள். சொல் சுவரில் இருக்கிறது. செயலுக்கு மைதானத்தில் இடமில்லை.

தவறுவதன் மதிப்பை நமக்கு வெளியிலிருந்து யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. படைச்செருக்கு அதிகாரத்தில் வள்ளுவர், காட்டு முயலை வீழ்த்திய அம்பைவிட யானையைக் குறிவைத்துத் தவறிய வேலை உயர்வாகச் சொல்கிறார். இந்தக் குறளைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள், அடிபிறழாமல் எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். தூரத்துக் குறியைத் தானே தேர்ந்தெடுத்து, எறிந்து, தவறி, மீண்டும் எறியும் வாய்ப்பு அவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கிறது?

*

சட்டம் இல்லாமல் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் அட்டவணையில் விளையாட்டு மைதானத்தைக் கேட்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் தேவைக்கேற்ற விளையாட்டுப் பொருட்களைக் கேட்கிறது. நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு உடற்கல்விப் பயிற்றுநரைக் கேட்கிறது. தமிழ்நாட்டில் 2012இல் உடற்கல்வி, ஓவியம், கணினி முதலியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். தொடக்க ஊதியம் மாதம் 5,000 ரூபாய். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. அவர்கள் பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. சமக்ர சிக்ஷா திட்டத்தின் விதிகளில் விளையாட்டுப் பொருட்களுக்கென்று ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைப் பள்ளிக்கு 10,000, அதற்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு 25,000 ரூபாய் வரை இடமுண்டு. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று சொல்லப்படும் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியை ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கியது 1920இல். நூறாண்டுகளைக் கடந்துவிட்டோம். இன்னும் விளையாட்டுப் பாடவேளை கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுக்கப்படுகிறது. அந்தக் கடனை யாரும் திருப்பிக் கொடுத்ததாக வரலாறு இல்லை.

உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொல்லிக் கோபப்பட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது சரிதான் சார். ஆனா என்னை எதை வச்சு அளக்கிறாங்க? குறுவட்டத்துல ஜெயிச்சோமா, மாவட்டத்துக்குப் போனோமா. பாரதியார் தினம், குடியரசு தினப் போட்டிக்கு எத்தனை பேர் போனாங்க. உட்கார்ந்திருக்கிற முப்பது பேரைப் பத்தி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை" என்றார். காலை வழிபாட்டு ஒழுங்கு, பேருந்து நெரிசல், முடிவெட்டாத பையன்கள் என்று பள்ளியின் காவல் வேலையும் அவர் தலையில்தான். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கோப்பையை வைத்து அளக்கிற ஏற்பாட்டைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். கோப்பை வாங்குவது தேர்ந்தெடுக்கும் வேலை. கல்வி என்பது தேர்ந்தெடுக்காமல் எல்லோருக்கும் கொடுக்கும் வேலை.

கணக்கு எளிது. நாற்பது நிமிடப் பாடவேளை, நாற்பத்தைந்து பிள்ளைகள், ஒரே ஒரு பந்து. நியாயமாகப் பங்கிட்டாலும் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூடத் தேறாது. அந்தப் பங்கீடும் நடப்பதில்லை.

எப்போதாவது எல்லாப் பிள்ளைகளையும் ஆடவிடும் நாளில் நடப்பது பேய்ப்பந்து. ஒருவர் முதுகில் ஒருவர் பந்தை வீசி அடிப்பது. குறி பார்த்து எறியும் ஆட்டம்தானே, பிறகென்ன என்று கேட்கலாம். தெருவில் நானும் ஆடியிருக்கிறேன். அதன் குதூகலத்தை மறுக்கவில்லை. தெருவில் ஆடப் பிடிக்காதவன் வீட்டுக்குப் போய்விடலாம். வகுப்பில் அப்படிப் போக முடியாது. வகுப்பில் எப்போதும் அடிபடுவது யார் என்று கவனித்துப் பாருங்கள்: குண்டானவன், மெதுவாக ஓடுகிறவள், கண்ணாடி போட்டவன். அடிபட்டவர் வெளியேற வேண்டும் என்று விதி வைத்தால், பயிற்சி அதிகம் தேவைப்படுகிற பிள்ளையே முதலில் போய் உட்காருகிறது. அமெரிக்காவில் நீல் வில்லியம்ஸ் என்ற உடற்கல்வியாளர் 1992இல் பள்ளிகளிலிருந்து விலக்க வேண்டிய ஆட்டங்களுக்கென்று ஓர் 'அவமானப் பட்டியல்' போட்டார். ஆளை அடிக்கும் 'டாட்ஜ்பால்' அதில் முக்கிய இடம் பெற்றது. அந்நாட்டு உடற்கல்வியாளர் அமைப்பும் அது வகுப்புக்கு உகந்ததல்ல என்று பின்னர் அறிவித்தது. அடி வாங்கினால்தான் துணிவு வரும் என்பவர்கள் இங்கே உண்டு. அடி வாங்கியவனுக்கு வந்த துணிவைவிட அடித்தவனுக்கு வந்த ருசியைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பிள்ளை எறியட்டும், ஆனால் இன்னொரு பிள்ளையின் உடல் குறியாக வேண்டாம்.

*

இனிப் பெண் பிள்ளைகள். ராஜபாளையத்திலிருந்து தெற்கே அதிகத் தொலைவில்லாத சங்கரன்கோவிலில் 1902இல் பிறந்த தேவநேயப் பாவாணர், மொழியாராய்ச்சிக்கு நடுவில் 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என்றொரு அருமையான நூலும் எழுதினார். ஆட்டங்களை ஆண்பால், பெண்பால், இருபால் என்று அதில் பகுத்திருக்கிறார். ஆண்பால் பகுதியில் கோலியும் பம்பரமும் வருகின்றன. பெண்பால் பகுதியில் பாண்டியும் தட்டாங்கல்லும். பாவாணர் தான் கண்டதைப் பதிவு செய்தார். நாம் அந்தப் பதிவை வாசித்துப் பெருமைப்படுகிறோமே ஒழிய, அது நமக்குச் சொல்லும் செய்தியைப் படிப்பதில்லை. பாண்டியில் சில்லைக் கட்டத்துக்குள் எறிவதும் குறி ஆட்டம்தான், நுட்பமானதும்கூட. ஆனால் அது முற்றத்துக்குள் அடங்கும் எறிதல். கை இடுப்புக்கு மேலே உயர வேண்டியதில்லை. தோளைத் திருப்பி, காலை அகட்டி, தூரத்தைப் பார்த்து எறிகிற ஆட்டங்கள் எல்லாம் பையன்களிடம் போயின. உடலைச் சுருக்கி வைத்துக்கொள்ளப் பெண்ணுக்குக் கொடுத்த பயிற்சியே அவள் எறிதலில் தெரிகிறது. அமெரிக்கத் தத்துவவாதி ஐரிஸ் மரியன் யங் 1980இல் இதைப் பற்றியே ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார்: பெண் எறிவதில் காணும் தயக்கம் அவள் உடற்கூற்றிலிருந்து வருவதல்ல, தன் உடலைத் தன்னுடைய கருவியாக உணரவிடாத வளர்ப்பிலிருந்து வருவது என்றார். ஆஸ்திரேலியத் தொல்குடிப் பிள்ளைகளிடம் 2010இல் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் இடையிலான எறிதல் வேறுபாடு பிற நாட்டுப் பிள்ளைகளிடம் காணப்படுவதைவிடக் குறைவாக இருந்தது. இருபாலரும் எறிந்து பழகிய சமூகம் அது.

இலக்கியம் அறிந்த நமக்கு இது புதிய செய்தியாக இருக்கவே கூடாது. சங்கப் பாடல்களில் தினைப்புனம் காத்துக் கிளி ஓட்டுகிறவள் பெண். நாடக மேடையிலும் காலண்டர்ப் படத்திலும் வள்ளி பரண்மேல் கவணோடுதான் நிற்கிறாள். அவளுடைய கல் தூரம் போகிற கல். ஆண்டாள் பிறந்த ஊர் என்று ஸ்ரீவில்லிபுத்தூரைப் பற்றி நாம் பேசாத பேச்சில்லை. அந்த ஊரின் பெயரிலேயே வில் இருக்கிறது. வில்லி என்ற வேடன் உண்டாக்கிய ஊர் என்பது தலபுராணம். மார்கழி முழுதும் பாடப்படும் திருப்பாவையின் பதினெட்டாம் பாசுரத்தில் நப்பின்னை கையில் பந்தோடு இருக்கிறாள். பாசுரத்தைப் பிழையின்றிச் சொன்னதற்காக என் அக்கா மகளுக்குப் பரிசுகூடக் கிடைத்தது. அதே ஊரில் அவள் கைக்குப் பந்து வந்தது, அது தவறி உருண்டு வந்த ஒரு நாளில் மட்டும்.

*

ஏக்கக் கட்டுரைகளின் மீது எனக்குள்ள மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். அவை முழுதாக நினைவுகூர்வதில்லை. எங்கள் தெருவின் குறி ஆட்டங்களில் முதன்மையானது கோலியும் அல்ல, பம்பரமும் அல்ல, ஓணான். இராமனுக்கு உதவிய அணிலுக்கு முதுகில் மூன்று கோடு, அவமதித்த ஓணானுக்குக் கல்லடி என்று ஒரு கதையைச் சொல்லி, அந்தக் கதையின் அனுமதியோடு எத்தனை ஓணான்களைக் கொன்றோம் என்று எனக்கே தெரியாது. உண்டிவில்லால் அடித்த குருவிகளும் உண்டு. அந்தக் கை இன்றும் என்னோடுதான் இருக்கிறது. எழுதும்போது பம்பரத்தை வைத்துக்கொண்டு ஓணானை விட்டுவிடுகிறோம்.

எந்தத் தெருப் பிள்ளை எந்தத் தெருவில் ஆடலாம் என்ற எல்லையையும் விட்டுவிடுகிறோம். எங்கள் கோலிக் குழியில் குனிந்தவர்கள் யார், தள்ளி நின்று வேடிக்கை பார்த்தவர்கள் யார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பெண்களுக்கும் சில தெருக்களுக்கும் மூடியிருந்த அந்தப் பொற்காலம் திரும்ப வர வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. ஊரின் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கோட்டில் நின்று ஒரே குறியைப் பார்த்து எறியக்கூடிய இடமாக எனக்குத் தெரிந்தது பள்ளி மைதானம் ஒன்றுதான். அதனால்தான் அது வீணாகக் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

வளரிப் பெருமையும் இப்படித்தான். இந்த வட்டாரம் 1985இல் தனி மாவட்டமாகும்வரை பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. வளரியின் நிலம் அது. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுத்தந்தவர் சின்ன மருது என்று ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியான தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். பின்னாளில் எதிரணியில் நின்ற ஒருவனுக்கே கற்றுக்கொடுத்திருக்கிறார் மருது. நாம் நம் பிள்ளைகளுக்கு வளரியைப் பற்றிய காணொளியைக் காட்டுகிறோம்; ஒரு துணிப்பந்தை எறியக் கற்றுக்கொடுப்பதில்லை.

*

என்ன செய்யலாம் என்று சொல்லாமல் திட்டிவிட்டுப் போவது நியாயமல்ல. ஆகவே இந்த ஊர்களில் கிடைக்கும் பொருட்களை வைத்தே சொல்கிறேன். ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். கழிவு நூலை இறுகச் சுற்றினால் நல்ல பந்து. பக்கத்திலேயே சத்திரப்பட்டி, மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் ஊர். அந்தத் துணி நெகிழ்வானது. இரண்டு மூன்று மடிப்பாகத் தைத்துப் புளியங்கொட்டையை நிரப்பினால் நூறு, நூற்றைம்பது கிராமில் கைக்கடக்கமான எறிபை கிடைக்கும். பட்டாலும் வலிக்காது, உருண்டு ஓடவும் செய்யாது. குறிக்குச் சுவரில் சுண்ணாம்பு வட்டம், அடுக்கிய சிரட்டைகள், வாய் திறந்த சிமெண்டுச் சாக்கு. தொடக்கப் பள்ளியின் ஐயாயிரம் ரூபாயில் இதைச் செய்துவிட்டு மீதியும் பிடிக்கலாம்.

நாற்பத்தைந்து பிள்ளைகளை ஐந்து ஐந்து பேராக ஒன்பது குழுவாக்குங்கள். குழுவுக்கு ஐந்து பைகள், ஒரு குறி. ஒரு பிள்ளை ஐந்தையும் எறிந்து, விசில் ஊதிய பிறகே எடுத்து வந்து அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கட்டும். ஒரு முறைக்கு ஒரு நிமிடம் என்றால் அரை மணியில் ஒவ்வொரு பிள்ளையும் முப்பது முறை எறிந்திருக்கும். தரையில் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது அடி வைப்புகளில் நான்கு கோடுகள். அருகிலிருந்து அடித்தால் ஒரு புள்ளி, தொலைவிலிருந்து அடித்தால் நான்கு. எங்கே நிற்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். முயலா யானையா என்ற வள்ளுவரின் கேள்வியைப் பிள்ளை அங்கே தானே எதிர்கொள்ளும். குழுக்களை ஒன்றோடொன்று மோதவிட வேண்டியதில்லை. வகுப்பின் மொத்தப் புள்ளி போன வாரத்தைவிடக் கூடியதா என்று பார்த்தால் போதும்.

இதில் ஓரத்தில் உட்காரும் பிள்ளை இல்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கும் இடமுண்டு. கடுமையான இயக்கக் குறைபாடு உள்ளவர்கள் அமர்ந்தபடி தோல் பந்துகளை ஒரு வெள்ளைப் பந்தை நோக்கி எறியும் 'போச்சியா' 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. எறிய முடியாதவர்கள் சாய்தளத்தில் உருட்டிவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு மரியாதைக் குறைவு என்றும் நினைக்க வேண்டாம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன 'பெத்தாங்க்' ஆட்டத்தில், வயதான தமிழர்கள் இரும்புக் குண்டுகளை ஒரு சிறு மரப்பந்தை நோக்கி இன்றும் எறிகிறார்கள். கோலி ஆடினால் உருப்படமாட்டான் என்ற நம் தீர்ப்பு அவர்களைத் தொடவில்லை.

எறியக் கற்றால் பிள்ளைகள் கல்லெறியத் தொடங்குவார்களே என்று ஒரு தலைமையாசிரியர் கேட்டார். கல்லெறிய அவர்களுக்குப் பள்ளியின் உதவி தேவையில்லை. நாங்கள் யாரிடமும் கற்கவில்லை. சுவரில் ஒரு வட்டம் இருந்திருந்தால் எங்கள் தெருவில் சில ஓணான்கள் பிழைத்திருக்கலாம். மேற்கே மலையடிவாரத்தில் சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் சரணாலயம் அறிவித்த வட்டாரம் இது. உயிரைக் குறியாக்காத எறிதலைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவது இந்த ஊருக்குப் பொருந்தும். தேர்வுக்கு நேரம் போதாது என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அவர்களுக்கு எதற்கும் நேரம் போதப்போவதில்லை. நாட்டில் இதைவிடப் பெரிய பிரச்சினைகள் இல்லையா என்பவர்களுக்கு: உண்டு. அவற்றைத் தீர்க்க வேண்டியவர்கள் இன்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

என் அக்கா வீட்டு மாடிச் சுவரில் ஒரு வட்டம் போட்டேன். ஒரு மாதம், மாலையில் பத்துப் பதினைந்து நிமிடம். இடது காலை முன்வைக்கச் சொன்னதைத் தவிர நான் அதிகம் சொல்லவில்லை. முதல் நாள் பத்தில் ஒன்று பட்டது, அதுவும் தற்செயல். இப்போது ஐந்தடி வைப்பிலிருந்து பத்தில் ஆறு, ஏழு படுகிறது. பலமுறை தவறிய ஒரு நாளில், சலிக்கவில்லையா என்று கேட்டேன். "தப்பாப் போனாலும் சுவரு திட்டாது மாமா" என்று சொல்லிவிட்டு அடுத்த பையை எடுத்தாள்.

அடுத்த சந்திப்பு ராஜபாளையத்தில் நடக்கும்போது ஆளுக்கொரு எறிபை தைத்துக்கொண்டு வாருங்கள், நண்பர்களே. ஐம்பது பேர் வந்தால் ஒரு வகுப்புக்கு ஆகும். அவற்றை ஒரு பள்ளியில் கொடுத்துவிட்டு வந்து, அதற்குப் பிறகு பம்பரத்தைப் பற்றிக் கட்டுரை வாசிப்போம்.